கலகெதர பால் நிலையத்தில் அணையாத நான்காவது விளக்கு

எதை எழுதுவதானாலும் முதலில் புள்ளிகள் போட்டுக்கொள்வது என் பழக்கம். இந்தப் பயணத்துக்கான புள்ளிகளை அதே நாள் பிற்பகல் 1.40க்கு, பால் நிலையத்துக் கதிரையில் இருந்தபடியே சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அவற்றை மாற்றாமல் இங்கே தருகிறேன்.

1. ஏன் போனேன், எப்போது போனேன்.
2. கண்டியிலிருந்து கலகெதரவுக்கு: பஸ், நேரம், கட்டணம்.
3. மோடத்தின் விளக்குகளைத் தொடாமல் பார்க்கும் முறை.
4. கோளாறின் காரணம்: முன்பு வந்த, வேலை தெரியாத யாரோ ஒருவர் செய்த மாற்றம்.
5. இரண்டரை மணிச் சோதனை. முடிவு இன்னும் தெரியாது.
6. போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் கண்டியைச் சுற்றி அரை நாள், ஒரு நாள் பஸ் பயணங்களை எழுதுகிறவன் என்பது தெரியும். புதியவர்களுக்காக: தொலைத்தொடர்பு வேலையில் இருந்து ஓய்வுபெற்றுப் பதினொரு வருடமாகிறது. முழங்கால் சரியில்லை. ஒரு நாளுக்கு ஒரு மேட்டுக்கு மேல் ஏறுவதில்லை.

போன செவ்வாய் மாலை, எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அஸ்லம் தன் சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகள் ரிசானா என்னோடு பேச வேண்டும் என்று தொலைபேசியைக் கையில் தந்தார். ரிசானா கலகெதரவுக்கு அப்பால் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தை நடத்துகிறார். அங்கே குளிரூட்டும் தொட்டி ஒன்று உண்டு. தொட்டியின் வெப்பநிலை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரவுட்டர் வழியாகக் கண்டியில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மழைக்கு மரம் விழுந்தால் பிரதான இணைப்பு அறுந்துவிடும். கைப்பேசிச் சமிக்ஞையும் அந்தப் பள்ளத்தில் கட்டடத்துக்குள் கிடைப்பதில்லை. எனவே பழைய செம்புக் கம்பித் தொலைபேசியில் ஒரு மோடத்தைப் பூட்டியிருக்கிறார்கள். பிரதான இணைப்பு விழுந்தால் ரவுட்டர் மோடத்தை எழுப்பி, தொலைபேசி எடுத்து, வெப்பநிலையைச் சொல்ல வேண்டும். ரவுட்டர் வந்து மூன்று மாதம். மோடம் ஒரு நாளும் எழும்பவில்லை.

இரண்டு தடவை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தகவல் போகாததால் தொட்டிப் பால் முழுவதையும் தலைமைக் காரியாலயம் ஏற்க மறுத்துவிட்டது. மறுநாள், புதன்கிழமை, பிற்பகல் 2.30க்குக் கடைசிச் சோதனை. அவர்களே தங்கள் பக்கத்தில் இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பார்கள். மோடம் எழும்பாவிட்டால் நிலையத்தை மூடுவார்கள். அறுபது வீடுகள் வரை பால் கொண்டுவருகிற இடம் அது. அடுத்த நிலையம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பால் திரிந்துவிடும்.

என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “எத்தனை மணிக்கு பஸ்?” என்று வந்துவிட்டது.

காலை 6.50க்கு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனேன். குருநாகல் பஸ்களெல்லாம் கலகெதர வழியாகத்தான் போகும். இருந்தாலும் நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை அவர் பதில் சொல்லாமல் என் பையை வாங்கி உள்ளே வைத்தார். 7.10க்குப் புறப்பட்டது. கட்டணம் 120 ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலி தேநீர் நிறத்தில் நிரம்பி ஓடியது. பாலம் தாண்டி ஹெதெனிய வரை நெரிசல், அதன் பிறகு றம்புட்டான் விற்கும் தட்டிகள், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், ஈரமான காற்று. கலகெதர டவுனில் இறங்கியபோது 8.15. கடையொன்றில் பிளேன்டீயும் இரண்டு ரொட்டியும் சாப்பிட்டேன். கட்டச் சம்பல் உறைப்பாக இருந்தது. கேட்டால் இன்னும் கொஞ்சம் வைக்கிறார்கள், நான் கேட்கவில்லை.

அங்கிருந்து பால் நிலையம் மூன்றரைக் கிலோமீட்டர். முச்சக்கரவண்டிக்கு 450 ரூபாய். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ரிசானா ராத்தாட பால் சென்டருக்கா சேர்? மெஷின் பாக்கவா?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்க நாலாவது ஆள். மத்த மூணு பேரயும் நான்தான் ஏத்திட்டு போன, நான்தான் திருப்பி கொண்டு வந்த. போகக்கொள்ள நல்லா கதைச்சிட்டு போனாங்க. வரக்கொள்ள ஒரு சத்தமும் இல்ல.”

நான் போகும்போதே பேசவில்லை. அதைப் பார்த்து அவருக்கு என்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கலாம்.

ரிசானாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை மேலங்கியில் வந்து வரவேற்று, முதலில் ஒரு கோப்பை சூடான பாலைத் தந்தார். பால் அளந்து சோதிக்கிறவர் அவருடைய மச்சான் கபூர். எல்லோரும் அவரைக் கபூர் நானா என்கிறார்கள்; இங்கே நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். காரியாலய அறைச் சுவரில் ரவுட்டர். அதன் கீழே அலுமாரியின் மேல், பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணியால் மூடியபடி மோடம். ரிசானா துணியை எடுத்தார். தினமும் காலையில் பிஸ்மி சொல்லி அதைத் துடைப்பாராம். துடைத்துத் துடைத்து விளக்குகளின் கீழே இருந்த எழுத்துகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

இனி மூன்றாம் புள்ளி. இப்படியான வேலைக்குப் போகிறவர்கள் முதல் பத்து நிமிடம் எதையும் தொட வேண்டாம். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

“சேர், பாத்துக்கொண்டே இரிந்தா சரியாகுமா?” என்றார் கபூர் நானா. “அப்படீண்டா நானும் வந்து நிக்கிறன், கெதியா முடியும்.”

“தொடுறதுக்கு முந்தி பார்த்துக்கிறேங்க. தொட்ட பிறகு பார்த்தா, எது பழைய பிழை, எது என் பிழைன்னு தெரியாது.”

ரவுட்டரும் மோடமும் வார்த்தையால் பேசிக்கொள்வதில்லை. கம்பிக்கு ஒன்றாகச் சில சமிக்ஞைகளை உயர்த்தியும் இறக்கியும் பேசிக்கொள்கின்றன. நமக்கு இரண்டு போதும். ரவுட்டர் மோடத்துக்குக் காட்டுவது டி.டி.ஆர்.: ‘நான் தயார்’. அதை இறக்கினால் ‘பேசியது போதும், போனை வை’ என்று பொருள். மோடம் ரவுட்டருக்குக் காட்டுவது டி.சி.டி.: ‘மறுமுனை கிடைத்துவிட்டது, அழைப்பில் இருக்கிறேன்’. அழைப்பு இல்லாத நேரத்தில் இந்த டி.சி.டி. விளக்கு அணைந்திருக்க வேண்டும். பஸ் நடத்துநரின் மணியைப் போலத்தான். அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தால்தான் சாரதிக்கு அதில் அர்த்தம். நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தால் அவர் என்னதான் செய்வார்?

இடமிருந்து நான்காவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் ஞாபகத்தின்படி அதுதான் டி.சி.டி. குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். எழுத்தோ அழிந்துவிட்டது. நானோ பதினொரு வருடமாக மோடம் ஒன்றைத் தொடவில்லை. அது மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்காகவும் இருக்கலாமே? முன்பு வந்த மூன்று பேர் கண்ணில் படாதது எனக்கு மட்டும் எப்படிப் படும்?

அந்தக் கேள்விக்குறி ஒன்றேகால் மணித்தியாலத்தைத் தின்றது. பையில் கொண்டுபோயிருந்த வேறு கேபிளை மாற்றினேன். அதன் முனையைத் திருப்பினேன். பழையதையே மீண்டும் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ரவுட்டருக்குள் நுழைவதற்கான கடவுச்சொல்லைத் தலைமைக் காரியாலயத்திடம் கேட்டு வாங்க இன்னும் முப்பத்தைந்து நிமிடம். மடிக்கணினியைப் பூட்டி உள்ளே பார்த்தபோது, மோடம் உள்ள பாதை ஏற்கெனவே அழைப்பில் இருப்பதாக ரவுட்டர் சொன்னது.

அப்போதுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மோடத்தின் பின்னாலிருந்த தொலைபேசிக் கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கம்பியே இல்லை. நான்காவது விளக்கு எரிகிறது. யாரோடும் பேச முடியாத மோடம், ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று ரவுட்டரிடம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ரவுட்டரும் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறது.

மோடத்தில் சேமித்து வைத்திருந்த அமைப்புகளை வாசித்தேன். டி.சி.டி. அமைப்பு பூச்சியத்தில் இருந்தது. அதாவது, அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளக்கை எரியவிடு. இந்த மொடலைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது இது ஒன்றில்தான் இருக்கும். யாரோ வேண்டுமென்றே மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். ரவுட்டரோ ஒவ்வொரு முறையும் மோடத்திடம் ‘சேமித்ததை எடு’ என்றே கட்டளையிடுகிறது. அணைத்துப் போட்டாலும் அதே பிழை திரும்பி வரும். முன்பு வந்தவர்கள் ரவுட்டரையும் கேபிளையும் பார்த்தார்களே தவிர, மோடத்தின் வயிற்றைத் திறந்து பார்க்கவில்லை.

நான் பொதுவாக யாரையும் குறை சொல்கிறவன் இல்லை. ஆனால் ஒன்றேகால் மணித்தியாலம் போன எரிச்சல். “இதைச் செஞ்சவர் வேலை தெரியாத ஆள். கொஞ்சம் கூட யோசிக்காத ஆள்” என்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

கபூர் நானாவுக்கு அது போதுமாக இருந்தது. “அந்தாள் மட்டும் கையில கெடச்சா, இந்தத் தொட்டிக்குள்ள முக்கி எடுக்கணும் சேர். நாலு டிகிரியில ரெண்டு மணித்தியாலம். மூளை நல்லா வேலை செய்யும்.”

“ஆமா, செய்யணும்” என்றேன் நானும்.

பூச்சியத்தை ஒன்றாக்கினேன். டி.டி.ஆர். இறங்கினால் மோடம் தொலைபேசியை வைக்கும்படி இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது. சேமித்தேன். கம்பியைப் பூட்டினேன். நான்காவது விளக்கு அணைந்தது.

“அல்லாஹ்வே!” என்று ரிசானா கதிரையிலிருந்து எழும்பினார். “சேர், செத்துட்டா?”

“இல்லம்மா. இப்பதான் உயிர் வந்திருக்கு.”

“நாலாவது ஆளும் முடிஞ்சி” என்றார் கபூர் நானா, கூரையைப் பார்த்து.

நான் பிரதான இணைப்பின் கம்பியை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து வினாடி. இருபது வினாடி. கைகளை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு மோடத்திலிருந்து டக்கென்று ஒரு சத்தம், எண்கள் அழுத்தும் ஓசை, அதைத் தொடர்ந்து அந்தப் பழைய கீச்சலும் இரைச்சலும். என் காதுக்கு அது நாதஸ்வரம். முப்பத்துநான்காவது வினாடியில் நான்காவது விளக்கு எரிந்தது. பிரதான கம்பியைத் திரும்பப் பூட்டினேன். ஒரு நிமிடம் கழித்து விளக்கு தானாக அணைந்தது. இதையே மூன்று முறை செய்து பார்த்து, மூன்று முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ரிசானாவின் வீட்டிலிருந்து சோறும் பலாக்காய்க் கறியும் வந்தன. சாப்பிட்டுவிட்டுத்தான் மேலே உள்ள புள்ளிகளை எழுதினேன்.

2.30 ஆவதற்குள் பால்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் ஒரே இடம் கேற் அருகே உள்ள பலாமரத்தடி. தலைமைக் காரியாலயத்தோடு பேசுவதற்குக் கபூர் நானா அங்கே நின்றார். நாங்கள் உள்ளே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 2.30க்கு ரவுட்டரில் பிரதான இணைப்பின் விளக்கு போனது. ரிசானா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். கீச்சல். இரைச்சல். நான்காவது விளக்கு.

இனி அது கண்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது பலாமரத்துக்குத்தான் தெரியும். இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு,

“வந்திச்சாம்! நாலு டிகிரியாம்! ராத்தா, நாலு டிகிரி வந்திச்சாம்!”

வாசலில் ஒருவர் வெற்றுப் பால் கேனைத் தட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்டினார்கள். 2.45க்கு அவர்கள் இணைப்பைத் திருப்பித் தந்தார்கள். 2.46க்கு மோடம் தொலைபேசியை வைத்தது, விளக்கு அணைந்தது. நிலையம் தொடர்ந்து இயங்கலாம் என்ற வார்த்தையைத் தலைமைக் காரியாலயத்தில் இருந்தவர் மூன்று முறை சொன்னாராம். கபூர் நானா நான்கு முறை சொல்ல வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சட்டித் தயிரும் கித்துள் பாணியும் வந்தன. எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அன்று அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

தயிர்ச் சட்டி பாதியானபோது ரிசானா அணைந்திருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாப்பா இரிந்திருந்தா இத ஒத்துக்கொள்ள மாட்டார் சேர்” என்று சிரித்தார். “இது வாப்பாட மோடம். பிலிமத்தலாவையில எங்கட மிளகு, கராம்புக் கடையில இரிந்தது. அப்ப ரவுட்டர் ஒண்டும் இல்ல, கம்பியூட்டர்ல நாங்களே டயல் பண்ணி கொழும்புக்கு வெல அனுப்புவோம். ஹெட் ஆபிஸ்ல மோடம் வேணுமெண்டு கேட்டப்ப, நான்தான் இத எடுத்து தந்த.”

“விளக்கை ஏன் ஒத்துக்க மாட்டார்?”

“அப்ப நாலாவது லைட் எரியாது. கட தொறந்த ஒடன வாப்பா அதத்தான் பாப்பார். பழுதாப் போன சாமான வித்துட்டாங்கெண்டு ஒரே சத்தம். ஒரு சேர் வந்தார். மீச வெச்ச ஆள், கழுத்துல நூல் கட்டி சின்ன டோச் லைட் ஒண்டு. அப்பிடித்தான் இரிக்கணுமெண்டு மூணு தரம் சொன்னார். வாப்பா கேட்டார், ‘எரியாத லைட்ட எதுக்குத் தம்பி வெச்ச?’ அந்த மனுசன் ஒண்டும் சொல்லல்ல. இரிந்து என்னமோ தட்டினார், லைட் எரிஞ்சது. வாப்பாக்கு பெருநாள் மாதிரி. கோழிக்கூட்டு வாழப்பழம் ஒரு சீப்பு குடுத்து அனுப்பினார். மௌத்தாகுற வரைக்கும் அந்த லைட்டப் பாத்துத்தான் கட தொறந்தார்.”

பிலிமத்தலாவையிலிருந்து கண்டி வரை, நெரிசலான பஸ்ஸில், நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு சீப்பு வாழைப்பழம் ஞாபகம் வந்தது. இருபது வருடத்துக்கு முன். அப்போது எனக்கு மீசை இருந்தது. டோச் இப்போதும் சட்டைக்குள் கழுத்தில்தான் தொங்குகிறது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. 4.10 பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பத்து நிமிடம் தயிரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன். பிறகு சட்டைக்குள் கைவிட்டு, நூலோடு டோச்சை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ரிசானா டோச்சைப் பார்த்தார். என் மேலுதட்டைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

கபூர் நானா என்னைப் பார்த்தார். திரும்பிக் குளிரூட்டும் தொட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“சேர்,” என்றார் மெதுவாக, “ஒங்களுக்கு நீந்தத் தெரியுமா?”

நாங்கள் மூவரும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

புறப்படுமுன் ரிசானா கேட்டார், “இது எரியாட்டி உசிரோட இரிக்கெண்டு எனக்கு எப்பிடி சேர் விளங்கும்?” அந்தக் காலத்தில் அவருடைய வாப்பா கேட்ட அதே கேள்விதான். ஒரு கடதாசி கேட்டு வாங்கினேன். ‘இந்த விளக்கு அணைந்திருந்தால் எல்லாம் நலம். எரிந்தால் பிரதான இணைப்பு விழுந்திருக்கிறது, மோடம் வேலை செய்கிறது’ என்று எழுதினேன். கபூர் நானா கீழே சிங்களத்தில் எழுதினார். ரிசானா அதை மோடத்தின் நெற்றியில் ஒட்டி, அதுவும் விளக்கும் மறையாதபடி பின்னல் துணியை அளவாக மடித்துப் போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டரைக்குள் கலகெதர போய்விடுங்கள், அதன் பிறகு வெயில். திரும்பும் பஸ்களில் நான்கு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. எனக்கு ஒரு பாடசாலை ஆசிரியை எழும்பி இடம் தந்தார். சில்லறை கொண்டுபோங்கள். தயிர் வாங்குவதானால் சட்டியைக் கயிற்றால் கட்டித் தரச் சொல்லுங்கள். மோடம் பார்க்கப் போகிறவர்கள் கேபிளுக்கு முன்னால் தொலைபேசிக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள், ஒன்றேகால் மணித்தியாலம் மிஞ்சும். வாழைப்பழம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறையும் தந்தார்கள், அதே கோழிக்கூட்டு, அதே ஒரு சீப்பு. மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மேலே நான்காம் புள்ளியில் எழுதியிருப்பது பிழை. அவருக்கு வேலை தெரிந்திருந்தது. அந்த விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்று மூன்று முறை சரியாகவே சொன்னார். நான்காம் முறை சொல்லத்தான் அவருக்குத் தைரியம் இருக்கவில்லை. ‘யாரோ ஒருவர்’ என்பதும் பிழை. அது நான்.